காட்பாடி 3டி பிரிண்ட் கடையில செஞ்ச பெங்கால் கப்பல் மாடல்: என் ரிவ்யூ

வேலூர் பக்கம் கப்பல் மாடல் யார் நல்லா செஞ்சு தராங்கன்னு கேக்குறவங்களுக்கு, காட்பாடி ரோட்ல விஐடி பசங்க ப்ராஜெக்ட்டுக்குப் போற அந்த சின்ன 3டி பிரிண்ட் கடைக்கு தைரியமா போலாம். எங்க ஊரு கம்மவான்பேட்டை, வீட்டுக்கு ஒரு மிலிட்டரிக்காரங்க இருப்பாங்க, ஆனா நேவி சண்டைன்னா யாருக்கும் ஒண்ணும் தெரியாது, அதான் அண்ணன் பொண்ணு ஸ்கூல் எக்ஸிபிஷனுக்கு ஹெச்எம்ஐஎஸ் பெங்கால் வைக்கலாம்னு சொன்னேன்.

ராயல் இந்தியன் நேவிக்காக (வெள்ளைக்காரன் காலத்து நம்ம நேவி) ஆஸ்திரேலியாவுல கட்டின பாதர்ஸ்ட் வகை சின்ன போர்க்கப்பல் 4, அதுல ஒண்ணு இது, இன்னொண்ணு பேரே மெட்ராஸ். ரெண்டாம் உலகப்போர் நேரம், 1942 நவம்பர் 11, ஒண்டினான்னு ஒரு டச்சு எண்ணெய்க் கப்பலுக்கு காவலா இந்தியப் பெருங்கடல்ல தியாகோ கார்சியா தீவ நோக்கி போய்க்கினு இருக்கும்போது ஹோகோகு மாரு, அய்கோகு மாருன்னு 2 ஜப்பான் கப்பல் எதிர்ல வந்துச்சு, ரெண்டுலயும் 140 மிமீ பீரங்கி. பெங்கால் கேப்டன் வில்சன் ஒண்டினாவ தப்பிச்சுப் போகச் சொல்லிட்டு, தன் கப்பல நேரா அவங்க மேலயே திருப்பிட்டாரு, கையில இருந்ததோ ஒரே ஒரு 76 மிமீ, அதாவது 3 இன்ச் பீரங்கி! கடைசில குண்டடி பட்டு வெடிச்சு முழுகுனது ஹோகோகு மாரு. ஒண்டினா கேப்டன் ஹோர்ஸ்மன் அந்த சண்டையிலயே செத்துட்டாரு, ஆனா பெங்காலும் ஒண்டினாவும் கரை சேர்ந்துச்சு.

கடைக்கார தம்பிகிட்ட இதச் சொன்னதும், நெட்ல கெடச்ச ஃபைல்ல 4 இன்ச் பீரங்கி இருக்குண்ணா, அப்படியே போட்டா கதையே கெட்டுடும்னு சொல்லி, சின்ன பீரங்கிய தனியா வரைஞ்சாரு பாருங்க, அங்கயே எனக்கு மனசு நெறஞ்சுடுச்சு. ஹோகோகு மாருவயும் பெங்கால் மாதிரியே 1:350 அளவுல, அதாவது நிஜ கப்பல்ல 350-ல ஒரு பங்கா போடலாம்னு சொன்னதும் அவரு தான். பெங்கால் 16 செமீ, அது கிட்டத்தட்ட 46 செமீ, மெஷின்ல முழுசா கொள்ளாததால 3 துண்டா எடுத்து ஒட்டி, பட்டி பூசி உப்புத்தாள் போட்டு தேச்சுட்டாரு, விரல வச்சு தடவுனா கூட ஒட்டு தெரியல. ரெண்டையும் பக்கத்துல வச்சா யாரும் எதுவும் வெளக்கவே வேணாம், பசங்க தானாவே இந்த குட்டி கப்பலா அத எதுத்துச்சுன்னு கேட்டுச்சுங்க.

பாய்மரக் கம்பம் மாதிரி நிக்குற அந்த மெல்லிசு கம்பத்துக்கு பிளாஸ்டிக் வேணாம்னு இரும்பு கம்பி வச்சிருக்காரு, நல்ல யோசனை. பெயின்ட் தான் கொஞ்சம் திக்கா அடிச்சு கைப்பிடி கம்பியெல்லாம் அடைஞ்சுபோச்சு, சொன்ன தேதியும் தள்ளிப்போச்சு, எக்ஸிபிஷனுக்கு முந்தின நாள் ராத்திரி தான் கைக்கு வந்துச்சு, அதுல பொண்ணு அழுதேபுட்டா. ரெண்டு கப்பலுக்கும் சேத்து 2,800 ரூபா வாங்குனாரு, அந்த வேலைக்கு அது நியாயமான வெல.

ஒண்ணு மட்டும் கேட்டு வாங்குங்க, 3டி பிரிண்ட் பிளாஸ்டிக்குல பிஎல்ஏ வேணாம், சூடு தாங்குற பிஇடிஜில போடச் சொல்லுங்க, நம்மூரு கத்திரி வெயில்ல பூட்டின காருக்குள்ள வச்சா பிஎல்ஏ பீரங்கி வளைஞ்சுடும்.