ஆபரேஷனுக்கு ஒப்புக்கொள்ளும் முன் டாக்டர் பெயரைத் தேடிப் பாருங்கள்

நியூ ஜெர்சியில் முதுகு, மூட்டு ஆபரேஷனுக்கு நாள் குறிக்க இருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள்.

என் அக்காவுக்குக் கீழ்முதுகில் வலி. ஸ்கேன் பார்த்த சர்ஜன், ஸ்க்ரூவும் கம்பியும் வைத்து எலும்புகளை இணைப்பதுதான் ஒரே வழி என்றார். ஒரே கம்பெனியின் சாதனத்தைத் திரும்பத் திரும்பப் புகழ்ந்தார். "அவர்களிடம் பணம் ஏதாவது வாங்குகிறீர்களா?" என்று அக்கா நேராகவே கேட்டார். "அதெல்லாம் கிடையாது" என்றார்.

பொய். கம்பெனிகள் டாக்டர்களுக்குக் கொடுத்த பணத்தைப் பட்டியலிடும் 'ஓப்பன் பேமென்ட்ஸ்' தளத்தில் அவர் பெயரைப் போட்டால், அதே கம்பெனியிடமிருந்து ஆலோசனைக் கட்டணம், விமான டிக்கெட், சாப்பாடு என்று வருடா வருடம் வாங்கியது வரிசையாக வருகிறது. அப்புறம் வேறொரு டாக்டரிடம் காட்டினோம். ஆபரேஷனே இப்போது வேண்டாம், பிசியோதெரபி போதும் என்றார். உடம்பில் ஒருமுறை ஸ்க்ரூ இறக்கிவிட்டால் பழைய முதுகு திரும்பி வராது. அதை நினைத்தால் இப்போதும் கொதிக்கிறது.

முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரை நடத்தும் அமைப்பான சி.எம்.எஸ்.தான் இந்தத் தளத்தையும் நடத்துகிறது. இலவசம். 2007இல் இடுப்பு, முழங்கால் மூட்டு தயாரிக்கும் ஐந்து பெரிய நிறுவனங்கள் சர்ஜன்களுக்கு 'ஆலோசனை' என்ற பெயரில் பணம் கொடுத்த விவகாரம் நம் நியூ ஜெர்சியில் உள்ள மத்திய அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில்தான் முடிந்தது. அவற்றில் நான்கு நிறுவனங்கள் சேர்ந்து 311 மில்லியன் டாலர் கட்டின. இப்படிக் கொடுக்கும் பணத்தைக் கம்பெனிகள் அரசிடம் தெரிவிக்க வேண்டும் என்று 2010இல் சட்டம் வந்தது, 2014இல் விவரங்கள் பொதுவில் வந்தன.

பணம் வாங்கிய எல்லா டாக்டரும் மோசம் என்று சொல்லவில்லை. சாதனத்தை வடிவமைத்தவருக்கு ராயல்டி வருவது நியாயம். கேட்டபோது மறைத்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

தேடும்போது பங்கு உரிமை என்ற பகுதியையும் விடாதீர்கள். சில சர்ஜன்கள் ஸ்க்ரூ, கம்பி விற்கும் ஏஜென்சியிலேயே பங்குதாரர்கள். அப்படிப்பட்ட அமைப்புகள் இயல்பிலேயே சந்தேகத்துக்குரியவை என்று அமெரிக்கச் சுகாதாரத் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2013இலேயே எச்சரித்தது. இன்னொன்று, ஒரு வருடக் கணக்கு அடுத்த வருடம் ஜூன் கடைசியில்தான் வெளியாகும். இந்த வருடம் வாங்கியது இப்போது தெரியாது. அதனால் டாக்டரிடமும் கேளுங்கள். பேஷன்ட் போர்ட்டலில் (டாக்டர் அலுவலகத்தின் ஆன்லைன் கணக்கில்) எழுதிக் கேட்டால், அவர் சொல்லும் பதிலும் எழுத்தில் இருக்கும்.