இடுப்பு வலிக்காரியின் டம்பெல் கணக்கு: வாங்கியது, உடைந்தது, நிலைத்தது

இரண்டு கிலோ ஒரு ஜோடி, மூன்று கிலோ ஒரு ஜோடி, ஐந்து கிலோ ஒற்றை ஒன்று. பல வருடங்களாக எங்கள் வீட்டு உடற்பயிற்சிச் சாமான் இவ்வளவுதான். வேலூர் சத்துவாச்சாரியில் மாடி வீடு. வயது ஐம்பதை நெருங்குகிறது. இடுப்புப் பகுதியில் நாலாவது, ஐந்தாவது முதுகெலும்புகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி இருக்கும் எல்4–எல்5 டிஸ்க் பிதுங்கி இடது கால் நரம்பை அழுத்துகிறது என்று ஸ்கேனில் வந்து வெகுநாளாகிறது. இப்படி இருப்பவர்கள் டம்பெல் வாங்கலாமா, வாங்கினால் எது உழைக்கும் என்று அக்கம்பக்கத்தில் அடிக்கடி கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

டம்பெல் கையில் இருக்கும்வரை எனக்கு இடுப்பு பிடித்ததில்லை. தரையில் கிடப்பதைக் குனிந்து எடுக்கும்போதும், செட் முடிந்த களைப்பில் கவனமில்லாமல் கீழே வைக்கும்போதும்தான் சுருக்கென்று இழுக்கும். இரண்டு கிலோவாக இருந்தாலும் சரி, கீழே விழுந்த சீப்பாக இருந்தாலும் சரி, முதுகை வளைத்துக் குனிந்தால் முதுகுக்கு நம் மேலுடம்பின் எடையே பெரிய சுமை. அதனால் நான் வாங்கியதிலேயே உருப்படியான சாமான், முழங்காலுக்கு மேல் உயரம் வரும் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். டம்பெல்கள் அதன்மேல்தான் குடியிருக்கின்றன. எடுப்பதும் அங்கிருந்து, வைப்பதும் அங்கே. அந்த ஸ்டூல் வந்த பிறகு பயிற்சியின்போது வலி வருவது பாதிக்கு மேல் குறைந்துவிட்டது.

என் மாமியாருக்கு இதெல்லாம் வேடிக்கை. "ஏம்மா, டெய்லி குடம் தூக்கற. இந்த ரெண்டு கிலோ கட்டையத் தூக்கி இன்னா ஆவப்போவுது?" என்பார். நியாயமான கேள்விதான். நிறைகுடம் பதினைந்து கிலோவாவது இருக்கும். ஆனால் குடம் எப்போதும் ஒரே இடுப்பில்தான் ஏறுகிறது. எனக்கு இடது பக்கம். உடம்பு வலது பக்கம் சாய்ந்துகொள்ளும், வலது கை சும்மா வீசிக்கொண்டு வரும். இருபது வருடம் இப்படியே மாடிப்படி ஏறினால் ஒரு பக்கத் தசை முறுக்கேறி, மறுபக்கம் தூங்கிப்போகும். அதற்கு மாற்றாக பிசியோதெரபிஸ்ட் கொடுத்த பயிற்சி மிக எளிமையானது: ஐந்து கிலோவை வலது கையில் மட்டும் தொங்கவிட்டு, தோள் சரியாமல் மொட்டை மாடியில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பது. பார்க்கிறவர்களுக்கு நடைப்பயிற்சி மாதிரிதான் தெரியும், ஆனால் நாலு நடையில் விலாப்பக்கம் எரிய ஆரம்பித்துவிடும். இடுப்பு வலிக்காரர்கள் ஒரே ஒரு டம்பெல் பயிற்சிதான் செய்ய முடியும் என்றால் இதைத்தான் சொல்வேன். இப்போது தண்ணீரும் இரண்டு கையிலும் இரண்டு அரைக்குடமாகத்தான் மாடி ஏறுகிறது.

இனி சாமான் பற்றி. முதலில் வாங்கியது கடையில் பிவிசி டம்பெல் என்று சொல்லி விற்கும் பிளாஸ்டிக் உருண்டை. உள்ளே சிமென்ட் கலவை. கிலோ கணக்கில்தான் விலை, கைக்கடக்கமான விலைதான். கைப்பிடியும் குண்டும் சேரும் இடத்தில் ஒட்டுப்போட்ட தடம் ஒன்று ஓடும். இரண்டாவது கோடையில் ஒன்றில் அந்தத் தடம் விரிந்தது. தோளுக்கு மேல் தூக்கும்போதெல்லாம் சாம்பல் நிறத்தூள் கழுத்தில் கொட்டும். இன்சுலேஷன் டேப் சுற்றி கொஞ்சநாள் ஓட்டினேன். இன்னொரு சங்கதி எடை. சந்தேகம் வந்து மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தால், இரண்டு கிலோ என்று அச்சடித்த ஜோடியில் ஒன்று இரண்டைத் தொடவே இல்லை, மற்றது இரண்டைத் தாண்டி நின்றது. கடைக்காரர் சிரித்துக்கொண்டே, "இத வச்சி அரிசி அளந்தா நம்மள உள்ள தூக்கிப் போட்டுடுவாங்க" என்றார். நல்ல முதுகுக்காரர்களுக்கு இந்த வித்தியாசம் உறைக்காது. ஏற்கெனவே ஒரு பக்கம் சாய்ந்த உடம்புக்கு உறைக்கும்.

அடுத்து வாங்கிய இரண்டும் மூன்றும் இரும்பு, மேலே மெத்தென்ற உறை போட்டது. பிடிக்கச் சுகம். வியர்வையில் வழுக்காது, ஆனால் வியர்வையைக் குடித்து நாறும். வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்துக் காற்றாட வைத்தால் சரியாகிவிடும். இத்தனை நாளில் உறை ஓரத்தில் கொஞ்சம் கிழிந்ததைத் தவிர வேறு குறையில்லை. ஐந்து கிலோ, அறுகோண முனை வைத்த ரப்பர் டம்பெல். அது உருளாது என்பதே அதன் பெரிய குணம். எங்கள் வீட்டு மொசைக் தரை தண்ணீர் ஓடுவதற்காகக் குளியலறைப் பக்கம் லேசாகச் சரிந்திருக்கும். உருண்டை டம்பெல்லைத் தரையில் வைத்தால் அது தன் பாட்டுக்குக் கிளம்பிவிடும், அதைப் பிடிக்க நாம் சடாரென்று குனிவோம். ரப்பரில் ஒரு தொல்லை, கோடையில் பீரோவுக்குள் வைத்தால் புடவையெல்லாம் டயர் கடை வாசனை அடிக்கும்.

ஐந்துக்கு அடுத்து ஏழரைக் கிலோ வாங்கலாமா என்று ஒருநாள் வீட்டில் பேச்சு வந்தது. "ஏழரையை யாராவது காசு கொடுத்து வூட்டுக்குள்ள கொண்டாருவாங்களா?" என்று மாமியார் ஒரே போடாகப் போட்டார். சனி பகவானுக்குப் பயந்து இல்லை, எனக்கே அவசரம் இல்லாததால் வாங்கவில்லை. குறைந்த எடையிலும் தசை வலுவாகும். தசை நன்றாகக் களைக்கும்வரை செய்ய வேண்டும், அவ்வளவுதான். தூக்கும் வேகத்தில் பாதி வேகத்தில் இறக்கினால் மூன்று கிலோவே போதும் போதும் என்று ஆகிவிடும். தசைக்கான பயிற்சி வாரத்தில் இரண்டு நாளாவது வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அந்த அளவு எப்படியும் நடந்துவிடுகிறது.

நேரம்தான் இந்த ஊரில் பெரிய சிக்கல். கத்திரி வெயிலில் வேலூர் நாற்பது டிகிரியைத் தாண்டுவது சகஜம். விடிந்ததும் முடித்துவிட வேண்டும் என்று தோன்றும். ஆனால் இரவெல்லாம் படுத்திருக்கும்போது டிஸ்க் தண்ணீரை உறிஞ்சி உப்பியிருக்கும். எழுந்த முதல் ஒரு மணி நேரம் குனிவது அதற்கு ஆகாது. நம் வீட்டுப் பெண்கள் அந்த முதல் மணியில் செய்வது என்ன? வாசல் பெருக்கி, தண்ணீர் தெளித்து, இடுப்பை மடித்துக் குனிந்து கோலம் போடுவது. "காலையில்தான் வலி அதிகம்" என்கிற பெண்களிடம் நான் முதலில் கேட்பது கோலத்தைப் பற்றித்தான். நான் கோலத்தை விடவில்லை. எழுந்து, காபி குடித்து, கொஞ்சம் நடந்து, அதற்குப் பிறகு குட்டி மணையில் உட்கார்ந்து சின்னதாகப் போடுகிறேன். மார்கழியில் பெரிய கோலம் மகள் பொறுப்பு. டம்பெல்லுக்கு அதற்கும் பிறகுதான் முறை. மே மாதத்தில் மட்டும் மாலை ஏழுக்கு மேல்.

செய்வது என்ன என்றால், முதலில் எடையில்லாமல் மூன்று: ஒரு காலை மடித்துப் படுத்துத் தலையையும் தோளையும் லேசாக மட்டும் உயர்த்துவது, பக்கவாட்டில் முழங்கையில் உடம்பைத் தாங்குவது, தவழும் நிலையில் எதிரெதிர்க் கையும் காலும் நீட்டுவது. கனடாவில் வாட்டர்லூ பல்கலைக்கழகத்துப் பேராசிரியராக இருந்த ஸ்டூவர்ட் மெக்கில் பிரபலமாக்கிய மூன்று இவை. பத்து விநாடிக்கு மேல் பிடிக்கத் தேவையில்லை. அப்புறம் டம்பெல். ஒரு கையை ஸ்டூலில் ஊன்றி மறுகையால் இழுப்பது. மல்லாந்து படுத்து மார்புக்கு மேல் தள்ளுவது, முடிந்ததும் ஒருக்களித்துத்தான் எழ வேண்டும். ஐந்து கிலோவை நெஞ்சோடு அணைத்து நாற்காலியில் உட்கார்ந்து எழுவது. குனிந்து எடுக்கும் பயிற்சியை ஒட்டடைக் கம்போடு பழகினேன். கம்பை முதுகோடு சேர்த்துப் பிடித்தால் தலை, மேல்முதுகு, வால் எலும்பு மூன்றும் அதில் பட வேண்டும். கை நிறையச் சாமானோடு பீரோ கதவைப் பின்பக்கத்தால் தள்ளிச் சாத்துவோமே, அதே அசைவு. எதுவாவது ஒன்று கம்பைவிட்டு விலகினால் முதுகு வளைகிறது என்று அர்த்தம். தலைக்கு மேல் தூக்குவதை உட்கார்ந்து, சாய்மானத்தோடு, இரண்டு கிலோவோடு நிறுத்திக்கொள்கிறேன். எடையோடு இடுப்பைத் திருகுவது, பக்கவாட்டில் வளைவது, படுத்து முழுதாக எழுந்து உட்காருவது மூன்றையும் தொடுவதில்லை.

டம்பெல் என்றால் ஜிம் பையன்கள் சமாசாரம் என்று நினைக்கிறவர்கள் ஒருமுறை வேலூரில் இருக்கும் பாகாயம் போய்ப் பார்க்கலாம். 1954இல் கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தவர் டாக்டர் மேரி வர்கீஸ். அவர் பெயரில் அங்கே இயங்கும் சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) ஆஸ்பத்திரியின் மறுவாழ்வு மையம் 1966இல் தொடங்கியது. மரத்திலிருந்து விழுந்த என் பெரியப்பா அங்கே இருந்தபோது அவர் கையிலும் சின்ன எடைகளைக் கொடுத்துத்தான் தூக்கச் சொன்னார்கள். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு உடம்பை மாற்றக் கை வலு வேண்டுமே.

டிஸ்க் பழைய இடத்துக்குப் போய்விட்டதா என்று கேட்டால், மறுபடி ஸ்கேன் எடுக்கவில்லை. வலி இன்னும் எப்போதாவது எட்டிப் பார்க்கும். ஆனால் காட்பாடியிலிருந்து சென்னை சென்ட்ரல் வரை எழுந்து நிற்காமல் உட்கார்ந்து போக முடிகிறது. முன்பு அரக்கோணத்துக்குள் நாலு தடவை எழுந்துவிடுவேன். கெண்டைக்காலில் இருந்த வலி மேலே ஏறி இடுப்போடு நின்றால் நல்ல அறிகுறி, அன்று பயிற்சி உண்டு. இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கினால் அன்றைக்கு லீவு. பாதம் தூக்க வராமல் இழுத்தாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ, சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ டம்பெல்லும் தைலமும் பேச்சுக்கே இல்லை, உடனே ஆஸ்பத்திரி. மாதவிடாய் நிற்கும் வயதில் எலும்பு உறுதிக்கு இந்தச் சின்ன எடை மட்டும் போதும் என்றும் நான் சொல்ல மாட்டேன். அது டாக்டரிடம் தனியாகக் கேட்க வேண்டியது.

புதிதாக வாங்குகிறவர்கள் உறை போட்ட இரும்பில் இரண்டு கிலோ ஜோடியும், அறுகோண ஐந்து கிலோ ஒன்றும் வாங்கினால் போதும். மூன்று கிலோ பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஸ்டூலை அன்றைக்கே வாங்கிவிடுங்கள். எந்தக் கடையானாலும் ஜோடியில் இரண்டையும் தனித்தனியாகத் தராசில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.