இந்திய வீட்டுத்திட்டம்: கிளிநொச்சியில வீடு கட்டின எங்கட அனுபவம்

போர் முடிஞ்சு மீள்குடியேறி வந்து ரெண்டு மாரி தறப்பாளுக்குள்ள இருந்த ஆக்கள் நாங்கள். வடக்கு கிழக்குக்கு இந்திய அரசு மொத்தம் 46,000 வீடு எண்டு சொல்லி, அதில 2012 ஒக்டோபர்ல தொடங்கின கட்டத்திலதான் அம்மான்ர பேரில எங்களுக்கும் வந்தது. 5 லட்சத்து 50 ஆயிரம் இலங்கை ரூபா, கொன்ராக்டர்ட்ட குடுக்கேல்ல, நேரா அம்மான்ர பாங்க் புத்தகத்துக்கு, அதுவும் கட்டம் கட்டமா, அத்திவாரம் முடிஞ்சால் திட்டத்தின்ர டெக்னிக்கல் ஒபிசர் வந்து பாத்து கையெழுத்து வைச்சாத்தான் அடுத்த காசு. ஆருக்கு வீடு எண்ட லிஸ்டையும் ஜீஎஸ் (கிராம சேவகர்) ஒபிஸில ஒட்டினவை, அதால ஊருக்குள்ள சண்டை குறைவு.

காசை விட பெரிசு அந்த டெக்னிக்கல் ஒபிசர். தொடங்கி முடியுமட்டும் அவர் ஒராள்தான் மோட்டச்சைக்கிள்ல வந்தவர். ஒருநாள் ஜன்னல் மட்டத்தில சுவரை நகத்தால சுரண்டிப் பாத்திட்டு "அம்மா, சீமெந்து காணாது, மேல மூண்டு வரியையும் கழட்டுங்கோ" எண்டார். அம்மா அழுதிட்டா, மேசனுக்கு சரியான கோவம். அடுத்தநாள் விடியவே வந்து நிண்டு ஒரு பைக்கு எத்தினை வாளி மணல் எண்டு தானே அளந்து காட்டினவர். இண்டைக்கும் அந்தச் சுவரில ஒரு வெடிப்பில்லை.

சுனாமிக்குப் பிறகு மட்டக்களப்புப் பக்கம் சித்திக்கு ஒரு வெளிநாட்டு நிறுவனம் வீடு கட்டிக் குடுத்தது, குசினி எங்க வேணும் எண்டு கூட ஒருத்தரும் கேக்கேல்ல, திறப்பு குடுக்கேக்க மட்டும் போட்டோ எடுத்தவை. முதல் மழைக்கே கூரை ஒழுகினது, போன் பண்ணினால் ப்ரொஜெக்ட் முடிஞ்சுது, அந்த ஆக்கள் இப்ப இங்க இல்லையாம். காசு தந்த சனம் பாத்தது சித்தி சிரிச்ச படத்தை மட்டும்தான், ஒழுக்கு பற்றி அதுகளுக்கு ஆர் சொல்லியிருப்பினம்?

எங்கட திட்டத்தில குறை இல்லாமல் இல்லை. காசு காணவே காணாது. சீமெந்து, மணல், மேசன் கூலி எல்லாம் ஏறிக்கொண்டே போக தொகை மட்டும் அப்பிடியே நிண்டது, அம்மான்ர சங்கிலி அடகுக்குப் போச்சு, மீட்க மூண்டு வருசம். பக்கத்து வளவில அக்கா இன்னும் பூச்சில்லாத வீட்டிலதான் இருக்கிறா. இனி வீடு குடுக்க வாற ஆக்கள் விலைவாசியைப் பாத்து தொகையைப் போடுங்கோ, அனுப்பிற ஒபிசரையும் கூரை ஏறுமட்டும் மாத்தாதேங்கோ.