கூரை ஒழுகும்போது எந்தப் பணத்தைத் தொடுவது?

படுக்கையறைக் கூரையிலிருந்து ஒரு பாளம் பூச்சு நள்ளிரவில் கட்டிலோரம் விழுந்தது. யாருக்கும் அடிபடவில்லை என்பதே அப்புறம்தான் உறைத்தது, முதலில் வந்தது இதற்கு எவ்வளவு ஆகுமோ என்ற பயம். வாடகைக்கு இருந்தவரை வீட்டுக்காரருக்கு ஒரு போன் போட்டால் நம் வேலை முடிந்தது. இப்போது அந்த வீட்டுக்காரரே நான்தான். காலையில் வந்து பார்த்த ஒருவர் ஒரு நிமிடம் அண்ணாந்து பார்த்துவிட்டு, மொத்தத் தளத்தையும் கொத்தி எடுக்கணும் என்றார், தொகையைச் சொன்னார், சாயங்காலத்துக்குள் அட்வான்ஸ் கொடுத்தால் உடனே ஆளை இறக்கிவிடுவதாகவும் சொன்னார். நானும் மதியமே கடன் விண்ணப்பத்தைத் திறந்து பாதி நிரப்பிவிட்டேன். சம்பளச் சீட்டு கைக்குக் கிடைக்காததால் மட்டும் அன்று தப்பித்தேன்.

அந்தத் தாமதத்தில் ஒன்று புரிந்தது. சேதம் மேலும் பரவாமல் தடுப்பது ஒரு வேலை, பழுதைச் சரிசெய்வது வேறொரு வேலை. இரண்டையும் ஒரே நாளில், ஒரே ஆளிடம், ஒரே கடனில் முடிக்கப் பார்ப்பதால்தான் பை கிழிகிறது. குழாய் வெடித்தால் மெயின் வால்வை மூடுவதும், கூரை ஒழுகினால் மேலே தார்ப்பாய் விரித்து நீர் தேங்கும் இடத்தைத் திறந்துவிடுவதும், கருகல் வாடை வந்தால் மெயின் சுவிட்சை அணைப்பதும், பூச்சு தொங்கும் அறையைப் பூட்டுவதும் தடுப்பு வேலைகள். இவற்றுக்குப் பெரும்பாலும் கையில் இருக்கும் பணமே போதும். இதை முடித்துவிட்டால் பல பழுதுகளில் நமக்குச் சில நாட்களோ சில வாரங்களோ கிடைக்கும். அந்த அவகாசத்தில்தான் கீழே வரும் வழிகளை எடைபோட முடியும்.

மின்சாரத்தில் மட்டும் அவகாசம் என்ற பேச்சே வேண்டாம். ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று கொஞ்சம் கனமான கம்பியைச் சுற்றி வைத்தால், ஃபியூஸ் எரிய வேண்டிய இடத்தில் சுவருக்குள் இருக்கும் ஒயர் எரியும். அந்த வேலையைக் கடன் வாங்கியாவது அன்றே முடித்துவிடுங்கள்.

சரி, முதல் போட்டி ஒட்டுப்போடுவதற்கும் முழுசாகச் செய்வதற்கும்.

ஒட்டு வேலை என்றாலே ஏமாற்று என்று ஒரு எண்ணம் இருக்கிறது. நான் அப்படி நினைக்கவில்லை. எந்த இடத்தில் ஒட்டுப்போடுகிறோம் என்பதைப் பொறுத்தது அது. குழாய் இணைப்பு ஒன்று மட்டும் கசிந்தால் அதை மாற்றினால் போதும். அதே குழாய், உள்பக்கம் துருவேறிய பழைய இரும்புக் குழாயாக இருந்து, இதே வருடத்தில் மூன்றாவது இடத்தில் ஓட்டை விழுகிறது என்றால், இனி போடும் ஒவ்வொரு ஒட்டும் அடுத்த ஓட்டைக்கு நாம் கட்டும் வாடகை. பிளம்பர் வரும் கூலி, சுவரை உடைத்துப் பூசும் கூலி, பெயின்ட் எல்லாவற்றையும் மூன்று முறை கூட்டிப் பார்த்தால், மொத்த லைனையும் மாற்றும் செலவில் கணிசமான பங்கு அதிலேயே போயிருக்கும்.

கூரைக்கு வந்தால் கணக்கு மாறுகிறது. கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடிக்கும்போது, அந்தத் துரு பழைய இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு வரை அதிக இடம் எடுத்துக்கொள்ளும். உள்ளே இடம் இல்லாததால் கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளியே தள்ளும். விழுந்த பாளத்துக்குப் பின்னால் கம்பி பழுப்பாகத் தெரிந்தால் அதன் மேலேயே சிமென்ட் கலவையைப் பூசி மறைப்பது வீண் செலவு, துரு உள்ளே தன் வேலையைத் தொடரும், சில மழைக்காலத்தில் மறுபடி விழும். துருவைச் சுரண்டி எடுத்து, கம்பிக்குப் பூச்சு கொடுத்து, அதற்கான கலவையால் நிரப்பி, முக்கியமாக மேலே நீர் இறங்கும் வழியையும் அடைக்க வேண்டும். அதே நேரம் ஒரு மூலையில் மட்டும் இப்படி இருந்தால் தளம் முழுவதையும் கொத்தத் தேவையில்லை. சுத்தியலின் பின்புறத்தால் லேசாகத் தட்டிப் பார்த்தால் பிடிப்பு விட்ட இடம் பொத்தென்று ஒலிக்கும், நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும். என் வீட்டில் இரண்டாவதாக வந்த மேஸ்திரி இப்படித் தட்டித் தட்டிச் சுண்ணக்கட்டியால் வட்டம் போட்டார். மொத்தம் இரண்டு வட்டம்தான் விழுந்தது. முதலில் வந்தவர் சொன்ன 'மொத்தத் தளம்' எங்கே, இந்த இரண்டு வட்டம் எங்கே!

கம்பி மெலிந்திருந்தாலோ தளம் தொய்ந்திருந்தாலோ மேஸ்திரியோடு நிறுத்தாமல் கட்டடப் பொறியாளரை அழைத்துவிடுங்கள், அவருக்குக் கொடுக்கும் கட்டணத்தில் மிச்சம் பிடிக்க வேண்டாம். கூரைக்குக் கீழே மட்டும் பெயின்ட் அடிப்பது ஒட்டு வேலையில்கூடச் சேராது. ஈரம் தெரியும் இடமும் நீர் இறங்கும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை, மேலே ஒரு மூலையில் நுழைந்து கம்பி வழியே நடந்து வந்து நடு அறையில் சொட்டும். பெயின்ட்டைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

சுவர் விரிசலைக் கண்டால் பலருக்குத் தூக்கம் போய்விடும். முடி இழை அளவு என்றால் பெரும்பாலும் பூச்சு காய்ந்து சுருங்கியதாக இருக்கும். விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வைத்தால், அது வளர்கிறதா நின்றுவிட்டதா என்று சில மாதத்தில் சுவரே சொல்லிவிடும். செலவு ஒரு பென்சில். 5 மில்லிமீட்டரைத் தாண்டியதற்கும், ஜன்னல் மூலையிலிருந்து படிப்படியாக ஏறுவதற்கும், கதவு பிடிக்க ஆரம்பித்த இடத்துக்கும் இந்தப் பொறுமை கூடாது.

அடுத்தது பணம். உண்மையான குழப்பம் இங்கேதான்.

கையிருப்பு முதல் வழி. வட்டி இல்லை, யாரிடமும் விளக்க வேண்டாம். ஆனால் முழுக் கையிருப்பையும் கூரைக்குக் கொட்டிவிட்டு அடுத்த மாதமே ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் அப்போது வாங்கும் கடன் இதைவிட மோசமான கடனாக இருக்கும். அதனால் மூன்று மாத வீட்டுச் செலவைத் தொடாமல் வைத்துவிட்டு அதற்கு மேல் இருப்பதை மட்டும் எடுப்பது என்பது என் வரம்பு. இதற்கு இலக்கணம் எதுவும் கிடையாது, சம்பளம் நிலையில்லாதவர்கள் ஆறு மாதம் வைத்துக்கொள்ளட்டும்.

கிரெடிட் கார்டு இரண்டாவது. அடுத்த பில்லுக்குள் முழுசாக அடைத்துவிட முடியும் என்றால் இதைவிட மலிவான கடன் வேறில்லை, வட்டியே கிடையாது. குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டும் பழக்கம் தொடங்கினால் கதை தலைகீழ். மாதம் 3 சதவீதம் என்று சொல்லும்போது சின்னதாகத் தெரியும், வட்டிக்கு வட்டி சேர்ந்தால் வருடத்துக்கு 42 சதவீதத்தைத் தாண்டும். போதாததற்கு, நிறைய வேலையாட்கள் கார்டு வாங்குவதில்லை, ரொக்கம் கேட்பார்கள், அதற்காகக் கார்டிலிருந்து பணமாக எடுத்தால் வட்டி பெரும்பாலும் எடுத்த நாளிலிருந்தே ஓட ஆரம்பிக்கும்.

தனிநபர் கடனுக்கும் வீட்டுக் கடனின் மேல் டாப்-அப், அதாவது ஏற்கெனவே ஓடும் வீட்டுக் கடனோடு சேர்த்துக் கூடுதல் கடன், வாங்குவதற்கும் நடக்கும் போட்டியில்தான் நான் அதிகம் தடுமாறினேன். டாப்-அப்பில் வட்டி விகிதம் குறைவு, எல்லோரும் அதையே சிபாரிசு செய்வார்கள். விகிதத்தை மட்டும் பார்க்காமல் வருடத்தையும் பாருங்கள். 14 சதவீதத்தில் 100 வாங்கி 3 வருடத்தில் அடைத்தால் மொத்தம் கட்டுவது 123. அதே 100-ஐ 9 சதவீதத்தில் 15 வருடத்துக்கு இழுத்தால் கட்டுவது 182-க்கு மேல். பத்து வருடத்தில் ஆயுள் முடியும் வாட்டர்ப்ரூஃபிங் பூச்சுக்குப் பதினைந்து வருடத் தவணையா? பூச்சு உரிந்து போன பிறகும் அதற்குக் கட்டிக்கொண்டிருப்போம். டாப்-அப் வாங்கியே ஆக வேண்டும் என்றால் குறுகிய காலத்துக்கு வாங்குங்கள், அல்லது முன்கூட்டி அடைக்கத் தண்டம் இல்லையா என்று கேட்டு வாங்கி சீக்கிரம் அடையுங்கள். இதற்கு வீடே ஈடு என்பதும் மறக்கக்கூடாதது, தனிநபர் கடனில் தவறினால் பெயர் கெடும், இதில் தவறினால் வீடே போகும். அஸ்திவாரம், மொத்தக் கூரை மாதிரி முப்பது நாற்பது வருடம் நிற்கும் வேலைக்கு டாப்-அப் பொருந்தும், தண்ணீர் ஹீட்டருக்குப் பொருந்தாது.

வட்டியைச் சொல்லும் விதத்திலும் ஒரு தந்திரம் உண்டு. 'ஃப்ளாட் 10 சதவீதம்' என்றால் நீங்கள் அசலை மாதாமாதம் திருப்பித் தந்துகொண்டே இருந்தாலும் முழு அசலுக்கும் கடைசிவரை வட்டி போடுகிறார்கள் என்று அர்த்தம். குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் அது கிட்டத்தட்ட 18 சதவீதம். வேலையை எடுக்கும் கம்பெனியே 'எங்களிடமே தவணை வசதி இருக்கிறது' என்று சொன்னால், முதலில் எந்தக் கணக்கில் வட்டி என்று கேளுங்கள். வட்டியே இல்லை என்றால், மொத்தமாகக் கட்டினால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேளுங்கள். ஒரு தொகையைக் குறைத்தார்கள் என்றால் அதுதான் அந்த இல்லாத வட்டி.

உறவினரிடம் கைமாற்று? வட்டி இல்லாவிட்டாலும் இலவசம் இல்லை. அடுத்த விசேஷத்தில் நீங்கள் புதுத் துணியோடு நின்றால் அவர் பார்க்கும் பார்வை இருக்கிறதே. வாங்கினால் தேதியோடு எழுதிக் கொடுத்துவிட்டு வாங்குங்கள்.

காப்பீட்டை இந்த வரிசையில் வைப்பதா என்று யோசித்தேன். பலர் இருக்கும் பாலிசியையே மறந்துவிடுகிறார்கள், மீதிப் பேர் அது எல்லாவற்றையும் தரும் என்று நம்புகிறார்கள். பொதுவாக வீட்டுக் காப்பீடு திடீரென நேர்ந்த சேதத்துக்கானது, நாள்பட்ட தேய்மானத்துக்கும் கவனிக்காமல் விட்டதற்கும் தராது. இன்று வெடித்த குழாயால் நனைந்த தரைக்கும் அலமாரிக்கும் கிடைக்கலாம், ஆனால் வெடித்த குழாய்க்கே பல பாலிசிகளில் கிடைக்காது. ஐந்து வருடமாகக் கசிந்து கறுத்த சுவருக்குக் கேட்டால் கையை விரிப்பார்கள். இன்னொன்று, வீட்டை மறுபடி கட்ட ஆகும் செலவில் பாதிக்குத்தான் காப்பீடு எடுத்திருக்கிறீர்கள் என்றால், சேதம் சின்னதாக இருந்தாலும் பல பாலிசிகள் அதிலும் பாதியைத்தான் தரும். தரையைத் துடைப்பதற்கு முன் போட்டோ எடுங்கள், உடைந்த குழாய்த் துண்டைத் தூக்கிப் போடாதீர்கள், தடுப்பு வேலைக்கான பில்லை வைத்துக்கொள்ளுங்கள். சேதம் பரவாமல் தடுப்பது பெரும்பாலான பாலிசிகளில் நம் கடமையாகவே எழுதியிருக்கும், ஆகவே அதிகாரி வந்து பார்க்கட்டும் என்று ஒழுக விட்டு வைப்பது தவறு.

வேலையை மொத்தமாகக் காண்ட்ராக்டரிடம் விடுவதா, பொருளை நாமே வாங்கிக் கொடுத்து கூலி மட்டும் பேசுவதா என்பதில் நான் கூலி பக்கம், அதுவும் தினமும் அரை மணி நேரம் போய் நிற்க முடிந்தால் மட்டும். நிற்க முடியாதவர் இதில் மிச்சம் பிடிப்பதைப் பொருள் வீணாவதில் விடுவார். எப்படியானாலும் மூன்று கொட்டேஷன் வாங்குங்கள். தொகையை மட்டும் பார்க்காமல், அவர்கள் பழுதுக்குச் சொல்லும் காரணத்தையும் ஒப்பிடுங்கள். மூவரும் மூன்று காரணம் சொன்னால் இன்னும் யாருக்கும் பழுது பிடிபடவில்லை, வேலையைத் தொடங்காதீர்கள்.

அடுத்த பழுதுக்குச் சேர்த்து வைப்பதிலும் இரண்டு முறை இருக்கிறது. வருடத்துக்கு வீட்டு மதிப்பில் 1 சதவீதம் ஒதுக்கு என்பது ஒன்று. எளிது, ஆனால் வீட்டு மதிப்பில் பெரும்பகுதி மனையின் விலையாக இருந்தால் கணக்கு பொய்த்துப் போகும், மண் துருப்பிடிக்காது. இரண்டாவது, வீட்டில் தேயும் பொருட்களை எழுதி, மாற்றும் செலவை மீதமிருக்கும் ஆயுளால் வகுப்பது. தொட்டி வைத்த தண்ணீர் ஹீட்டர் சுமார் பத்து வருடம், ஏசி பத்திலிருந்து பதினைந்து, இப்படி ஒவ்வொன்றாக. ஒரு ஞாயிற்றுக்கிழமை இதற்குப் போகும், எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. முதலில் உடையப் போவது எது என்று இது காட்டும், சதவீதம் காட்டாது.

என் கூரைக் கதை எப்படி முடிந்தது என்றால், தார்ப்பாய்க்கும் கம்பி வேலைக்கும் கையிருப்பு, மேலே வாட்டர்ப்ரூஃபிங்குக்கு இரண்டு வருடத் தனிநபர் கடன், பெயின்ட் எதுவும் இல்லை. கடைசித் தவணைக் கூலியை, மேல்தளத்தில் நீரைத் தேக்கி 48 மணி நேரம் விட்டுப் பார்த்த பிறகுதான் கொடுப்பேன் என்று முதலிலேயே பேசியிருந்தேன். மேஸ்திரிக்கு முகம் சுருங்கியது, ஒத்துக்கொண்டார். இரண்டாம் நாள் மாலை ஒரு மூலையில் கையளவு ஈரம். மறுபடி ஆளோடு வந்து குழாய் இறங்கும் இடத்தைச் சுற்றி உடைத்து அடைத்தார், அதற்குத் தனியாக எதுவும் கேட்கவில்லை. அறையில் அந்த இரண்டு வட்டமும் இன்னும் வெறும் சிமென்ட் நிறத்தில்தான் இருக்கின்றன. ஒரு மழைக்காலம் போகட்டும், அப்புறம் அடித்துக்கொள்ளலாம் பெயின்ட்.