எல்லாருக்கும் ஒரே பாடமா, அரும்பு மொட்டு மலரா, தனித்தனியாவா?

தேன்கனிக்கோட்டை பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில மூணாம் கிளாஸ் எடுக்கறேன். வாசிப்பு சொல்லித்தர மூணு வழியையும் பண்ணிப் பாத்தாச்சு.

மொத்த கிளாஸுக்கும் ஒரே பாடம்ங்கறது வாத்தியாருக்கு லேசு, பசங்களுக்கு இல்ல. முன்னாடி உக்காந்திருக்கற அஞ்சு பேரு கடகடன்னு படிப்பாங்க, மத்தவங்க அவங்க கூடவே வாயசைப்பாங்க, நாமளும் எல்லாருக்கும் வந்துடுச்சுன்னு நெனச்சு அடுத்த பாடத்துக்குப் போயிடுவோம். கதை சொல்ல, பாட்டுப் பாட இது போதும், எழுத்து கூட்டிப் படிக்கக் கத்துக்கற புள்ளைக்கு ஆகவே ஆகாது.

அதுக்கு நேரெதிர் 2007-08ல எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் வந்த ஏபிஎல், அதாவது செயல்வழிக் கற்றல் அட்டை. அவனவன் ஏணிப்படியில அவனவன் வேகத்துல ஏறலாம், அந்த யோசனை எனக்கு இன்னமும் புடிக்கும். ஆனா ஒரே டீச்சர் ரெண்டு மூணு கிளாஸையும் சேத்துப் பாக்கற ஸ்கூல்ல, ஒருத்திக்கு அட்டை எடுத்துக் குடுக்கறதுக்குள்ள நாலு பேரு சும்மா காத்துக்கிட்டு உக்காந்திருப்பாங்க.

2022ல வந்த எண்ணும் எழுத்தும்ங்கற அரசுத் திட்டம் நடுவுல நிக்குது, பசங்கள கீழ்நிலைலேர்ந்து மேல்நிலை வரைக்கும் அரும்பு மொட்டு மலர்னு மூணு குரூப்பா பிரிச்சு அவங்கவங்க நிலைக்கு ஏத்த வேலை குடுக்கறது. மூணுல என் ஓட்டு இதுக்குத்தான். ஆனா அரும்புன்னு பேர் போட்டதும் நம்ம வேலை முடிஞ்சிடல. என் கிளாஸ்ல அரும்புல இருந்த ஒரு பையன் கொடிங்கறத கெடின்னு படிப்பான், கொம்பைப் பாக்கறான், பின்னாடி நிக்கற துணைக்கால விட்டுடறான். அதே குரூப்ல ஒரு பொண்ணு, வீட்டுல தெலுங்கு, மழைன்னு எழுத்துப் பிசகாம படிச்சா, அப்படின்னா என்னம்மான்னு கேட்டா பேசவே இல்ல, நான் தெலுங்குல "வான"ன்னு சொன்னதும்தான் மூஞ்சி மலர்ந்து கைய மேல தூக்கி மழை பெய்யற மாதிரி விரலை ஆட்டிக் காமிச்சா. ரெண்டு பேருக்கும் ஒரே வொர்க்புக் பக்கத்தக் குடுத்தா என்ன பிரயோஜனம்? அவனுக்கு வேணுங்கறது கொ, மொ, தொன்னு அட்டை வெச்சு ஒரு வாரம் பழகறது, அவளுக்கு வேணுங்கறது வாய்ப்பேச்சும் படமும். ஓசூர், தளி பக்கம் தெலுங்கு, கன்னடம் பேசற வீடு நெறைய, அதனால இத இங்க இருக்கற டீச்சருங்க கட்டாயம் பாக்கணும்.

இப்ப நான் குரூப்பை அப்படியே வெச்சுக்கிட்டு, தினம் மூணு புள்ளைங்கள மட்டும் கிட்ட கூப்பிட்டு ரெண்டு ரெண்டு நிமிஷம் படிக்கச் சொல்லி, எங்க தடுமாறுதுன்னு நோட்டுல ஒரே ஒரு வரி எழுதி வெக்கறேன், மாசக் கடைசில அதப் பாத்துத்தான் குரூப்பை மாத்தறேன். கெடி பையன் ரெண்டே மாசத்துல மொட்டுக்குப் போயிட்டான். அந்தப் பொண்ணு இன்னும் அரும்புலதான், ஆனா போன வாரம் மழை வந்தப்போ "மிஸ் மழை!"ன்னு அவதான் மொதல்ல கத்துனா.