கெப் வாகனத்தின் மேல் ஒரு படுக்கைப் பெட்டி: மூன்றாண்டுப் பயன்பாட்டின் பின்

எங்கள் டபுள் கெப்பின் பின்தளத்தில் ஏற்றிப் பூட்டும் படுக்கைப் பெட்டியைத் திருகோணமலையிலேயே ஒரு கராஜில் செய்வித்து மூன்று ஆண்டுகள் நிறைவடைந்துவிட்டன. அலுமினியச் சட்டம், வெளியே அலுமினியத் தகடு, உள்ளே பிளைவூட் என்பதே அதன் அமைப்பு. சாரதி ஆசனத்துக்கு மேலாக நீளும் பகுதியில் நானும் மனைவியும் படுப்போம். கீழே மேசையை இறக்கிப் பலகையாக்கினால் பிள்ளைகள் இருவருக்கும் இடம் கிடைக்கும். நான்கு மூலைகளிலும் ஜாக்கிகளைப் பொருத்திப் பெட்டியை உயர்த்தி, வாகனத்தை அடியிலிருந்து ஓட்டி வெளியே எடுத்துவிடலாம் என்பதால், சனி, ஞாயிறில் மலையேறும் அதே வாகனம் திங்கட்கிழமை காலையில் சீமெந்து மூட்டை ஏற்றப் போய்விடுகிறது. வான் ஒன்றை வாங்கி உள்ளே படுக்கை அமைப்பதைவிட இதை நான் தேர்ந்ததற்கு இந்த ஒரு காரணமே போதுமாக இருந்தது.

செய்விக்க நினைப்பவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி விலையல்ல, நிறை. நாங்கள் அதைப் பிந்தியே கேட்டோம். 350 கிலோவில் முடியும் என்று பேசித் தொடங்கிய பெட்டி, அலுமாரிக் கதவுகளும் தடித்த பிளைவூட்டும் சேரச் சேர 470 கிலோவில் வந்து நின்றது. 60 லீற்றர் தண்ணீர், 5 கிலோ எரிவாயு நிரப்பிய சிலிண்டர், பற்றரி, குளிர்பெட்டி, மெத்தை, சாப்பாட்டுச் சாமான் எல்லாவற்றையும் ஏற்றி, லொறிகளை நிறுக்கும் மேடையில் நிறுத்திப் பார்த்தபோது பெட்டியின் பங்கு 640 கிலோ. மாமியையும் சேர்த்து ஆசனங்களில் இருக்கும் ஐவரும் ஏறக்குறைய 270 கிலோ. வாகனக் கையேடு அனுமதிக்கும் 950 கிலோவில் மிஞ்சியது வெறும் 40. பின் ஸ்பிரிங்கில் மேலதிகமாக ஒரு பட்டை போட்டதால் வாகனத்தின் பின்பக்கம் தாழ்வது நின்றது. ஆனால் ஸ்பிரிங் பட்டையைக் கூட்டுவதால் பிறேக்கோ அச்சோ டயரோ பலப்படுவதில்லை, அனுமதித்த பாரமும் கூடுவதில்லை என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அந்தக் கணக்கின் உண்மையான பொருள் எனக்கு விளங்கியது நக்கிள்ஸ் மலைத்தொடரின் ரிவஸ்டன் கணவாய்க்குப் போன பயணத்தில்தான். கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை, இரத்தோட்டை என்று போகும் அந்தப் பாதை ஏறக்குறைய 180 கிலோமீற்றர். கடல்மட்டத்தில் தொடங்கி ஆயிரம் மீற்றருக்கு மேல் ஏறுகிறது. ஏறுவதில் சிரமமில்லை, இரத்தோட்டைக்கு அப்பால் இஞ்சின் முனகினாலும் இரண்டாம் கியரில் பொறுமையாக ஏறிவிட்டது. கணவாயைத் தாண்டி இலுக்கும்புர பக்கமாக இறங்கும்போது வழக்கம்போல மூன்றாம் கியரில் விட்டுக் காலால் பிறேக்கை மிதித்துக்கொண்டே போனேன். நான்கைந்து வளைவுகளுக்குள் கருகிய வாடை ஏறி, மிதி பஞ்சுபோல உள்வாங்கத் தொடங்கியதும் ஓரமாக நிறுத்தி, அரை மணி நேரம் ஆறவிட்டோம். மறுமுறை அதே இறக்கத்தை, ஏறிய கியரிலேயே, பிறேக்கை விட்டு விட்டு மிதித்து இறங்கினேன், வாடையே வரவில்லை.

அங்கே போவதன் நோக்கம், பிட்டவல பத்தனைப் புல்வெளியின் விளிம்பில் திடீரென்று நிலம் முடிந்துபோகும் செங்குத்துப் பாறை. ஹோட்டன் சமவெளியில் ‘உலக முடிவு’ எனப்படும் செங்குத்து விளிம்பைப் பார்த்தவர்கள் இதனைச் சின்ன உலக முடிவு என்கிறார்கள். கீழே தெல்கமு ஓயாவின் பள்ளத்தாக்கு, எதிரே நக்கிள்ஸ் தொடரின் முகடுகள். 2010 இல் உலக மரபுரிமையாகப் பிரகடனப்படுத்தப்பட்ட மத்திய மலைநாட்டின் ஒரு பகுதி அது. விளிம்பில் வேலி இல்லாததால் சின்ன மகனின் சட்டைக் கொலரை நான் விடவேயில்லை. அவன் கேட்டது ஒரே கேள்வி: “அப்பா, இந்தத் தண்ணி கடைசியா எங்க போய்ச் சேரும்?” அம்பன் கங்கை வழியாக மகாவலிக்கும், மகாவலி வழியாக எங்கள் கொட்டியாரக்குடாவுக்கும் வரும் என்றேன். அந்தக் குடாவுக்கு அடியிலும் கரைக்குக் கிட்டவே தொடங்கி ஆழ்கடலுக்கு இறங்கும் ஒரு பெரும் பள்ளத்தாக்கு உண்டு. திமிங்கிலங்கள் எங்கள் கரைக்கு இவ்வளவு அருகில் வருவது அந்த ஆழத்தினால்தான். வீட்டு வாசலில் இருப்பதைப் பார்க்க முடியாமல், 180 கிலோமீற்றர் ஏறிவந்து அதன் தம்பியைப் பார்க்கிறோம் என்று மனைவி சிரித்தார்.

பாதுகாக்கப்பட்ட வனத்துக்குள் அனுமதியின்றித் தங்க முடியாது என்பதால் இலுக்கும்புரவில் ஒரு வீட்டு முற்றத்தில் பணம் கொடுத்து நிறுத்தினோம். உயரமான பெட்டி காற்றில் பாய்மரம்போல ஆடும் என்பதை அன்றிரவு அனுபவித்தேன். வாகனத்தின் முகத்தைக் காற்றுக்கு எதிரே திருப்பி நிறுத்திய பிறகே பிள்ளைகள் உறங்கினார்கள். குளிருக்குப் பயந்து யன்னல்களை இறுக மூடியது அடுத்த பிழை. விடியும்போது நால்வரின் மூச்சும் அலுமினியச் சட்டத்தில் துளித்துளியாகத் திரண்டு என் நெற்றியில் சொட்டியது. கூரைத் துவாரத்தையும் ஒரு யன்னலையும் இரண்டு விரலளவு திறந்துவைத்தால் அந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது.

மின்சாரத்தில் குறை சொல்ல ஏதுமில்லை. 100 அம்பியர் மணி லித்தியம் பற்றரி, குளிர்பெட்டியையும் ஒரு விசிறியையும் விளக்குகளையும் இரண்டு இரவு தாங்கும். நிலாவெளி வெக்கையில் குளிர்பெட்டி பாதி நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். மலையில் அது ஓடும் சத்தமே அபூர்வம். அங்கே மூடுபனியால் 200 வாற்றுச் சூரியத்தகடு ஏறக்குறைய உறங்கிவிடுகிறது என்றாலும் செலவும் குறைவதால் கணக்குச் சரியாகிவிடுகிறது.

பெட்டியை உண்மையில் தின்பது மலையல்ல, நமது கடற்காற்று. அலுமினியத் தகட்டில் துருப்பிடிக்காத உருக்குத் திருகாணிகளை நேரடியாக முடுக்கியிருந்தார்கள். உப்பு ஈரம் பட்டால் இரண்டு உலோகங்களும் சேர்ந்து சிறு பற்றரியாகி, அலுமினியமே கரைகிறது. இரண்டாம் ஆண்டில் திருகாணிகளைச் சுற்றி வெள்ளைத் தூள் பூத்தது. அதன் பின்னர், மார்கழி மழையில் மேல்மெத்தையின் வலது மூலை நனைந்திருந்தது. கூரைப் பொருத்தில் பூசிய சிலிக்கோன் வெயிலில் விளிம்பு விட்டிருந்தது. சுரண்டி எடுத்துவிட்டு பொலியூரித்தேன் பசை பூசி, திருகாணிகளுக்கு நைலோன் வளையம் இட்டோம். ஒரு மழைக்காலத்தை அது தாண்டிவிட்டது. ஆனாலும் ஐப்பசி பிறக்குமுன் ஏணி வைத்து ஏறிப் பொருத்துகளைத் தடவிப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது.

திரும்பும்போது ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் பொழுதுபடுமுன் கடந்துவிடுவது எங்கள் கட்டாய விதி. வீதியில் யானை நின்றால் பின்னால் எடுக்க வேண்டும். பெட்டியோ உட்கண்ணாடியை முழுதாக மறைத்துவிடுகிறது.

மீண்டும் செய்விப்பதானால் தலைக்கு மேலிருக்கும் அலுமாரிகளை விட்டுவிட்டுத் துணிப்பைகளைத் தொங்கவிடுவேன். தண்ணீர் 40 லீற்றரோடு நிற்கும். வாசல் உயரம் மாத்திரம் இன்னும் தீரவில்லை. மாமியால் ஏற முடியவில்லை என்று சொன்னதும் கராஜ்காரர் இரும்பில் அழகான மடக்குப்படி ஒன்று செய்து தந்தார். நிறுத்துப் பார்த்தோம், 9 கிலோ. அதை வீட்டில் விட்டுவிட்டு, சந்தையில் வாங்கிய நீலப் பிளாஸ்டிக் ஸ்டூலைத்தான் இன்றுவரை கொண்டுபோகிறோம்.