ஃப்ரெஷ் கோழியா, ஃப்ரோசன் கோழியா: சிங்கப்பூரில் என் அடுப்படிக் கணக்கு

2022 மே 31. தேக்கா சந்தையில் நான் வழக்கமாகக் கோழி வாங்கும் பாய், கத்தியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அக்கா, நாளையிலிருந்து வண்டி வராது. இருக்கறத எடுத்துக்குங்க." மறுநாள் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியது. உக்ரேன் போருக்குப் பிறகு சோளமும் சோயாவும் விலை ஏறி, தீவனச் செலவு கட்டுப்படியாகாமல், அங்கேயே கோழிக்குத் தட்டுப்பாடு. மாதம் 36 லட்சம் கோழிகள் வெளியே போவதற்குத் தடை போட்டார்கள்.

நான் வீட்டிலேயே சமைத்து ஆர்டருக்குக் கொடுப்பவள். அந்தச் சனிக்கிழமை 40 பேருக்குப் பிரியாணி ஒப்புக்கொண்டிருந்தேன். வேறு வழியில்லாமல்தான் பிரேசில் ஃப்ரோசன் கோழியை முதல்முறையாகத் தம்மில் போட்டேன். தடை அக்டோபரில் நீங்கிவிட்டது. ஆனால் பிரியாணிக்கும் வறுவலுக்கும் நான் ஃப்ரெஷ் கோழிக்குத் திரும்பவில்லை.

விலையில் ஃப்ரோசன் மலிவு, இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஹலால் முத்திரை இரண்டிலும் கிடைக்கிறது. அதனால் அதையும் தாண்டிப் போகலாம். ஆனால் "ஃப்ரெஷ்" என்ற சொல்லைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மலேசியாவிலிருந்து வருபவை பெரும்பாலும் உயிர்க் கோழிகள். பாலம் கடந்து லாரியில் வந்து, இங்கே அறுபட்டு, குளிரூட்டப்பட்டுச் சந்தைக்கு வருகின்றன. 2021-ல் சிங்கப்பூர் இறக்குமதி செய்த கோழியில் மலேசியாவின் பங்கு சுமார் 34 விழுக்காடு. ஏறக்குறைய பாதி பிரேசிலிலிருந்து, உறைந்த நிலையில் வந்தது. ஆக, தடை வருவதற்கு முன்பே இந்த ஊர் சாப்பிட்ட கோழியில் பெரும்பங்கு ஃப்ரோசன்தான். கடைச் சாப்பாட்டில் அதை மறுபேச்சில்லாமல் சாப்பிட்டுவிட்டு, வீட்டுச் சமையலில் மட்டும் முகம் சுளித்தோம். ஆட்டிறைச்சியில் அதுவும் இல்லை. ஆஸ்திரேலியாவிலிருந்து கட்டியாக உறைந்து வந்த ஆட்டுக்கறியில் எத்தனை தீபாவளி கொண்டாடியிருக்கிறோம்!

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஃப்ரோசன் கோழி நன்றாக இருப்பதும் சக்கையாகப் போவதும் ஒரே இடத்தில் முடிவாகிறது: ஐஸ் இறங்கும் விதம்.

முதல் தடவை நான் செய்த தப்பு, காலையில் பொட்டலத்தைத் தண்ணீரில் போட்டு, ஓரம் இளகியதும் வெட்டி மசாலா தடவியது. உள்ளே இன்னும் ஐஸ். அடுப்பில் ஏற்றியதும் அது உருகி, மசாலாவெல்லாம் கழன்று, சட்டியில் வெளுத்த தண்ணீர் நின்றது. அன்றைக்கு அரிசி குழைந்ததற்கு அதுதான் காரணம்.

இப்போது செய்வது வேறு. சனிக்கிழமைச் சமையலுக்கு வியாழன் இரவே எடுத்துவிடுவேன். கண் வைத்த தட்டில் தொடைக்கறியைப் பரப்பி, அடியில் ஆழமான பாத்திரம் வைத்து, மூடி, குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைப்பேன். மேல்தட்டில் வைத்தால் சொட்டும் நீர் மற்ற சாமான்மேல் விழும். உறைவதால் கிருமி சாவதில்லை, தூங்கத்தான் செய்யும். வெள்ளி மாலை எடுத்து எடைபோடுவேன். 2 கிலோ பொட்டலம் என்றால் ஒரு டம்ளர் அளவுக்கு இளஞ்சிவப்பு நீர் இறங்கியிருக்கும், கறி 1 கிலோ 850-க்குப் பக்கமாக நிற்கும். அந்த நீரைக் கொட்டி, கறியைத் துணியில் ஒற்றிவிட்டு, தயிரைக் குறைத்து, இஞ்சி பூண்டு விழுதைக் கெட்டியாக அரைத்துத் தடவினால் மசாலா அப்படியே பிடிக்கிறது. நீர் ஏற்கெனவே வெளியேறிவிட்டதால் பிரியாணியில் கறி விடும் தண்ணீரைக் கணக்குப் போட முடிகிறது. ஃப்ரெஷ் கோழியில் எனக்கு அது முடிந்ததில்லை. ஒரு நாள் நிறைய விடும், ஒரு நாள் விடாது.

விலையையும் இந்த 1 கிலோ 850-ஐ வைத்துத்தான் பார்க்க வேண்டும், பொட்டலத்தில் போட்டிருக்கும் 2 கிலோவை வைத்து அல்ல. அப்படிப் பார்த்தபோதும் எனக்கு ஃப்ரோசன்தான் கட்டுப்படியானது.

ஒன்றை மட்டும் செய்யவே கூடாது: இளகியதை மறுபடி உறையவைப்பது. ஆலையில் கடுங்குளிரில் வேகமாக உறையவைக்கும்போது ஐஸ் துகள் பொடியாக உருவாகும், தசைநார் அவ்வளவாகக் கிழியாது. வீட்டு ஃப்ரீசரில் மெதுவாக உறைவதால் துகள் பெரிதாகி நாரைக் கிழித்துவிடும். அடுத்த முறை எடுத்தால் அந்த நீரோடு ருசியும் போய்விடும். ஃப்ரெஷ் கோழியை மலிவாகக் கிடைத்தபோது வாங்கி வீட்டில் உறையவைத்துவிட்டு, "ஃப்ரோசன் நன்றாகவே இல்லை" என்பவர்களிடம் நான் இதைத்தான் சொல்வது.

இன்னொரு புகார், எலும்பு கறுத்திருக்கிறது என்பது. வாடிக்கையாளர் ஒருவர் படமே எடுத்து அனுப்பினார், வேகவில்லையோ என்று. இளங்கோழியின் எலும்பு மிருதுவானது. உறைந்து இளகும்போது உள்ளிருக்கும் மஜ்ஜை வெளியே கசிந்து, வெந்ததும் கருஞ்சிவப்பாகத் தெரிகிறது. வெந்த கறிதான், கெட்டதும் இல்லை. ஆனாலும் ஒவ்வொருவருக்கும் விளக்கிக்கொண்டிருக்க முடியாது என்பதால் எலும்பில்லாத தொடைக்கறிக்கு மாறிவிட்டேன்.

ஃப்ரெஷ் கோழியை நான் விட்டுக்கொடுக்காத இடமும் உண்டு. பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியக் குழம்பு, சளிக்கு மிளகுச்சாறு, இதற்கெல்லாம் எலும்பு கொதித்து இறங்கும் சாறுதான் உயிர். அதற்குப் பாயிடம்தான் போவேன், முடிந்தால் கம்போங் கோழியே (நம்ம நாட்டுக்கோழி மாதிரி) கேட்பேன். ஹைனான் கோழிச்சோறு மாதிரித் தோலோடு மெதுவாக அவிக்கும் சமையலை நான் செய்ததில்லை. அங்கே என் பேச்சை யாரும் கணக்கில் எடுக்க வேண்டாம்.

வரத்து விஷயத்தில் ஃப்ரோசனும் கல்லில் எழுதிய உறுதி அல்ல. 2025 மே மாதம் பிரேசிலின் ரியோ கிராண்டே டோ சுல் மாநிலத்தில், முதல்முறையாக வணிகப் பண்ணை ஒன்றில் பறவைக் காய்ச்சல் கண்டுபிடித்தார்கள். சீனா உட்படப் பல நாடுகள் வாங்குவதை நிறுத்தின. வித்தியாசம் என்னவென்றால், உறைந்த கோழி கிடங்கிலும் கப்பலிலும் வாரக்கணக்கில் இருக்கும், வேறு ஏற்பாடு செய்ய அவகாசம் கிடைக்கும். உயிர்க் கோழி லாரி நின்றால் அன்றே நின்றதுதான். 2022 ஜூன் இறுதியில் சிங்கப்பூர் இந்தோனேசியக் கோழிக்கும் அனுமதி கொடுத்தது. அதைக் குளிரூட்டிய நிலையில் இரண்டே முறை வாங்கியிருக்கிறேன், குழம்புக்கு நன்றாகவே இருந்தது. இரண்டு முறையை வைத்து அதற்குமேல் சொல்வது சரியாகாது.

இந்தத் தீபாவளிக்கும் என் ஃப்ரீசரில் தொடைக்கறிப் பொட்டலங்கள்தான் அடுக்கியிருக்கும். அம்மாவின் மிளகுச்சாற்றுக்கு மட்டும், முதல் நாள் காலை ஆறு மணிக்குப் பாய் கடையில் நிற்பேன்.